மீனாளின் ஐந்தாவது சுற்று

மார்ச் 8, 2025, சனி

இன்று மகளிர் தினமாம். ரவாங் ஊரைத் தாண்டி இருக்கும் எங்கள் குதிரை லாயத்துக்குள் கால் வைத்ததுமே கையில் ஒரு ரோஜாப்பூவைத் திணித்தார்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றியது. மீனாள் கழுத்தை நீட்டி ஒரே கடியில் பாதியைத் தின்றுவிட்டாள். அவளுக்காவது பயன்பட்டது.

பிறகு லாயத்து முதலாளி செட்டியார் எல்லோரையும் நிற்க வைத்து அறிவித்தார். ஆகஸ்ட் போட்டியில் இந்த வருடம் புதிதாக ‘லேடிஸ் கப்’ வருகிறது. பெண்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். ரிப்பன்கூட ரோஸ் கலரில் அடிக்கக் கொடுத்தாயிற்றாம். என்னைப் பார்த்து, “ஷாமினி, இது ஒனக்காகத்தாம்மா” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

ரெய்னிங் என்கிற எங்கள் குதிரைப் போட்டியில் ஆண் பெண் என்ற பிரிவே கிடையாது. ஒரே மைதானம், ஒரே நடுவர்கள். ஓபன் என்கிற பொதுப் போட்டியில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். பிறகு எனக்கு எதற்குத் தனிக் கிண்ணம்? எதற்கென்றால், ஓபனில் மீனாள் மேல் லாயத்தில் என்னோடு குதிரை ஓட்டும் குகன் ஏற வேண்டும். நான் லேடிஸ் கப்பில் ராஜாவை ஓட்ட வேண்டும். ராஜா, பள்ளிப் பிள்ளைகளை முதுகில் வைத்துக்கொண்டு தூங்கியபடி நடக்கும் கிழவன்.

மூன்று வருடமாக மீனாளைப் பழக்கியது யார்? நான். ஓபனில் ஏறப்போவது யார்? குகன். இதற்கு ஒரு ரோஜாப்பூ.

மார்ச் 9, ஞாயிறு

பூ தின்றதால் மீனாளுக்கு வயிற்றில் கோளாறு ஏதும் உண்டா என்று வேலாயுதம் அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன். லாயத்தில் தீவனம் பார்ப்பவர் அவர்தான். நன்றாக இருக்கிறாளாம். எனக்குத்தான் எதுவும் செரிக்கவில்லை.

மார்ச் 22, சனி

எங்கள் வேலை நடக்கிற அழகை ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

காலையில் நான் ஏறுவேன். மீனாள் முதலில் காதைப் பின்னுக்குப் போட்டு, வாலை வீசி, மூலைக்கு மூலை மிரளுவாள். அதையெல்லாம் பொறுத்து, வட்டம் வட்டமாக ஓட்டி, வியர்க்க வைத்து, மனசு அடங்கியதும் இறங்குவேன். குகன் தே தாரே டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்து ஏறுவான். அவள் வெண்ணெய் மாதிரி போவாள். வேலி ஓரத்தில் நிற்கும் செட்டியார் சொல்வார்: “குகன் கைக்கு எப்படி அடங்குறா பாத்தியா.”

சூடேற்றிக் கொடுப்பது பெண்கள் வேலை, பரிசு வாங்குவது ஆண்கள் வேலை என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் போட்டி வீடியோக்களிலும் இதேதான். சூடேற்றும் திடலில் குதிரைவால் கொண்டை போட்ட பெண்கள். இறுதிச் சுற்றில் தொப்பிக்குக் கீழே மீசை.

குகன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்க்கலாம். “அக்கா, இன்னிக்கு லெஃப்ட் சைட் கொஞ்சம் டைட்டா இருக்கா?” என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டு ஏறுகிறான்.

செட்டியாரின் மனைவி நாச்சாள் ஆச்சி இன்றும் வந்தார். வழக்கம்போல் காரை விட்டு இறங்கவில்லை. குதிரை என்றால் பயம். ஜன்னலைப் பாதி இறக்கி, நறுக்கிய கேரட் வைத்த எவர்சில்வர் டப்பாவை என்னிடம் நீட்டினார். மீனாளுக்கு நான் ஊட்டியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்கு ஆச்சிமேல்கூடச் சின்னக் கோபம். குளுகுளு காரில் உட்கார்ந்து பார்த்தால் என்ன தெரியும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

கிள்ளானில் என் கணவன் ஜீவனின் அக்கா புனிதா வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஆன்டியிடம் அக்கா என்னை அறிமுகப்படுத்தினார், “எங்க தம்பி பொண்டாட்டி, குதிரை ஓட்டுறா” என்று. ஆன்டி உடனே குரலைத் தாழ்த்தி, நல்ல நம்பர் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

ரேஸ் இல்லை என்று விளக்கினேன். வட்டமாக ஓட வேண்டும், நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுழல வேண்டும், முழு வேகத்தில் வந்து பின்னங்கால் மணலில் வழுக்கிக்கொண்டே நிற்க வேண்டும். எல்லாம் ஒற்றைக் கையில். கடிவாளம் தொளதொளவென்று தொங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் மார்க் போய்விடும்.

“அப்ப பலம் வேணாமா?”

“வேணாம் ஆன்டி.”

“அப்புறம் ஏம்மா பொம்பளைங்க பெருசா ஜெயிக்கிறதில்ல?”

வாயில் பாயசம் இருந்தது. அது நல்லதாகப் போயிற்று.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஜீவனிடம் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாவம், அவன் ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டியவன். நல்ல குதிரை இல்லாமல் யாரும் ஜெயிக்க முடியாது. நல்ல குதிரை முதலாளியிடம் இருக்கிறது. முதலாளி அதை ஜெயித்தவனிடம் கொடுக்கிறார். ஜெயித்தவன் எப்படி ஜெயித்தான்? நல்ல குதிரை கிடைத்ததால். இந்த வட்டத்துக்குள் நான் எந்தப் பக்கமாக நுழைவது? ஜீவன் சிக்னலில் நின்றபோது, “இதை அந்த ஆன்டிகிட்ட சொல்லியிருக்கணும்” என்றான்.

மே 3, சனி

எங்கள் லாயத்திலேயே சின்னப் போட்டி. ஆகஸ்டுக்கு ஒத்திகை மாதிரி.

குகனுக்குப் பூஜ்யம்.

மீனாள் கடைசி நிறுத்தத்துக்கு ஓடும்போது கொஞ்சம் கோணினாள். அவன் பதறி இரண்டாவது கையாலும் கடிவாளத்தைப் பிடித்துவிட்டான். இரண்டு கை பட்டால் அதுவரை செய்த அத்தனையும் போச்சு, மொத்தத்துக்கும் ஸீரோ. மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இது.

செட்டியார் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார். “ரிஃப்ளெக்ஸ் லா. யாருக்கும் வரும்.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இனிமேலாவது மீனாளை என்னிடம் தருவார் என்று நினைத்தேன்.

மே 10, சனி

இன்று காலை நான் சூடேற்றினேன். குகன் தே தாரே குடித்துவிட்டு வந்து ஏறினான்.

போன சனிக்கிழமை ஸீரோ. இந்த சனிக்கிழமை அதே குதிரை, அதே சேணம், அதே சிரிப்பு. ஒரு வாரத்தில் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது!

செட்டியார் ஆபீஸ் அறைக்குப் போய்க் கேட்டேன். இது மூன்றாவது தடவை. இந்த முறை உட்காராமல் நின்றபடியே கேட்டேன். ஓபனில் மீனாளை எனக்குத் தாருங்கள் பாஸ், ஒரே ஒரு தடவை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஒரு மதிப்பு இருந்திருக்கும். “ஒரு தடவை குடுத்தோமேம்மா. பாத்தோமே” என்றார்.

பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓபனில், ராஜாமேல். வட்டம் திசை மாறும்போது குதிரை முன்னங்கால் மாற்றும் இடத்தில் ராஜா தடுமாறினான், கடைசி இடத்தில் வந்தேன். அதோடு சரி. அன்றைக்குத் தோற்றது ஷாமினி என்கிற ஒருத்தி இல்லையாம். பெண்களால் முடியாது என்று நிரூபணம் ஆகிவிட்டதாம். குகன் தோற்றால் அது ரிஃப்ளெக்ஸ்.

எனக்குக் கிண்ணம் கூட வேணாம்டா சாமி. தோத்துட்டு மறு வாரமும் அதே குதிரை மேல ஏறணும். அவ்வளவுதான் கேக்குறேன். அது இவ்வளவு பெரிய ஆசையா?

மே 11, ஞாயிறு

வேலையை விட்டுவிடலாமா என்று ஜீவனிடம் கேட்டேன். “விட்டுட்டா மீனாள யாரு சூடேத்துவா?” என்றான். ஆறுதல் சொன்னானா, வெறுப்பேற்றினானா என்று தெரியவில்லை. கோபத்தில் அவன் சட்டையை இஸ்திரி போடாமல் விட்டேன்.

ஜூன் 11, புதன்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

செட்டியார் வேலை விஷயமாக பினாங்கு போயிருந்தார். லாயத்தில் நானும் வேலாயுதம் அண்ணனும் மட்டும். ஒரு கிராப் வாடகைக் கார் வந்து நின்றது. ஆச்சி இறங்கினார். அவர் இறங்கி நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சாணி இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, மீனாளின் கொட்டடிக்கு நாலடி தள்ளி நின்றார். கேரட் டப்பாவும் கையோடு.

ஊட்டி முடித்ததும் கேட்டார், ஆகஸ்டில் நீதானே ஏறப்போகிறாய் என்று. இல்லை, குகன் என்றேன். ஏன் என்றார். தினமும் பழக்குவது நீயாச்சே என்றார். எனக்கு எரிச்சல். வீட்டில் நடப்பது இவருக்குத் தெரியாதா என்ன?

“ஓனர் முடிவு ஆச்சி. நான் என்ன சொல்ல?”

“எந்த ஓனர்?”

“செட்டியார்தான்.”

ஆச்சி டப்பாவோடு என் பக்கம் திரும்பினார். “அவுக எப்ப வாங்குனாக? அன்னைக்கு அவுக காசு பூரா கட்டடத்துல முடங்கிக் கெடந்துச்சு. எங்கப்பச்சி எனக்குக் குடுத்த சீதனத்துலேர்ந்துதான் இவளை வாங்குனேன். எங்கள்ல அந்தப் பணம் பொம்பளையோடது. புருஷன் தொட மாட்டாக.”

ஆச்சி மீனாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனாள் என்பது பெண் பிறந்தால் வைக்க வேண்டும் என்று அவர் வைத்திருந்த பெயராம். மூன்றும் பையனாகப் போயிற்று. கடைசியில் குதிரைக்கு வைத்தார்.

“நீ ஓட்டுனா ஜெயிப்பியா?”

பொய் சொல்ல வரவில்லை. “தெரியாது ஆச்சி.”

“குகன் ஓட்டுனா?”

“அதுவும் தெரியாது.”

“அப்ப நீயே ஓட்டு” என்றார். ஏதோ கடையில் வெண்டைக்காய் எடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். டப்பாவை மூடிக்கொண்டு, திரும்பிப் போக கிராப் கூப்பிடத் தெரியவில்லை, கொஞ்சம் பார் என்று போனை நீட்டினார்.

மூன்று தடவை ஆபீஸ் கதவைத் தட்டியிருக்கிறேன். பெண்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று மூன்று வருடமாகக் கத்துகிறேன். காரில் உட்கார்ந்திருந்தவரை நானும் எடுக்கவில்லையே.

ஜூன் 14, சனி

ஆச்சி சொன்னதற்குச் செட்டியார் மறுபேச்சுப் பேசவில்லை. மனைவியின் சீதனத்தில் கை வைக்காத மனிதர், அந்த வழக்கத்தை அவர் மீற மாட்டார். அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். ஆனால் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எதுவாக இருந்தாலும் வேலாயுதம் அண்ணன் மூலம்தான். “பாஸ் தண்ணி ஊத்தச் சொன்னாரும்மா, மணலு காஞ்சிருக்காம்.” நான் பத்தடி தூரத்தில்தான் நிற்கிறேன்.

குகனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தூங்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. “பரவால்ல லா அக்கா. கிள்ளான்ல ஒரு பெரிய மனுஷர், டத்தோ, அவர் குதிரைய ஓட்டச் சொல்லிட்டார்.”

அதற்குள்! எனக்கு மூன்று வருடம். அவனுக்கு மூன்று நாள்.

ஜூலை 19, சனி

மீனாள் நன்றாக இருக்கிறாள். நான்தான் இல்லை, எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன்.

சுழற்சியில் அவள் இப்போது பறக்கிறாள். போட்டியில் சரியாக நான்கு சுற்று, ஐந்தாவது போனால் ஸீரோ. ஆனால் பயிற்சியில் நான்கோடு நிறுத்தமாட்டேன். ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஆறு, ஏழு. நான்கையே தினமும் செய்தால் குதிரை மனப்பாடம் செய்துகொண்டு, நாம் சொல்வதற்கு முன்னால் தானாக நின்றுவிடும். எப்போது நிறுத்துவது என்பது என் வேலை.

போட்டிச் சட்டைக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி எடுத்து, பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ரவிக்கை தைக்கும் மாதவி அக்காவிடம் கொடுத்தேன். கவ்பாய் சட்டை, படமும் காட்டினேன். சட்டை வந்தது. கை மட்டும் ரவிக்கைக் கை. அக்குளில் பிடிக்கிறது. பிரித்துத் தைக்கச் சொன்னதற்கு, “குதிரை மேல உக்காந்துக்கிட்டுக் கைய எதுக்கும்மா தூக்கணும்?” என்றார். ஜெயித்தால் தூக்குவேன் அக்கா என்றேன்.

லேடிஸ் கப்புக்கு நான் பெயர் கொடுக்கவில்லை. திமிர் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாளை. ஜீவன் லீவு போட்டிருக்கிறான், வராதே என்று இரண்டு தடவை சொல்லியும்.

ஆகஸ்ட் 23, சனி

ஸீரோ.

ஐந்து சுற்று. நானேதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

வட்டங்கள் நன்றாக வந்தன. கால் மாற்றும் இடம் நூல் பிடித்த மாதிரி வந்தது. ராஜாமேல் நான் தடுமாறிய அதே இடம்தான். முதல் நிறுத்தத்தில் மணல் கிளம்பி ஆட்கள் சத்தம் போட்டார்கள். வலப்பக்கம் நான்கு சுற்று, நிறுத்தினேன், நின்றாள். இடப்பக்கம் திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இப்படி அவள் ஒருநாளும் சுழன்றதில்லை. கடிவாளம் தொங்குகிறது, நான் ஒன்றுமே செய்யவில்லை, உலகம் சுற்றுகிறது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு என்று மனசு சொல்லி, அது வாய்க்கு வருவதற்குள் அவள் அடுத்ததைப் போய்விட்டாள். நான் சொல்லாமல் அவள் ஏன் நிற்பாள்? அப்படித்தானே பழக்கினேன்.

மீதியை முடித்தேன். கடைசி நிறுத்தம்தான் எல்லாவற்றிலும் நல்லது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, ஸ்கோர் ஸீரோ என்றார்கள். மாதவி அக்கா சொன்னது சரி, கையைத் தூக்க வேண்டியே வரவில்லை.

ஜெயித்தது குகன், டத்தோவின் குதிரையில். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான். “அக்கா, அந்த ஒரு சுத்து இல்லன்னா நீங்கதான். நான் ரெண்டாவது.” உண்மையாகத்தான் சொன்னான். அதைக் கேட்டதும்தான் அழுதேன்.

ஜூன் மாதத்துக்குப் பிறகு செட்டியார் முதல் தடவையாக என் காதில் விழும்படி பேசினார், பக்கத்தில் நின்றவரிடம்: “நாலு வரைக்கும் எண்ணத் தெரியல. பொம்பளைங்க கிட்ட குடுத்தா இதான்.” ரிஃப்ளெக்ஸ் இல்லை. யாருக்கும் வரும் இல்லை. பொம்பளைங்க. ஒருத்தி தப்பு பண்ணா எல்லாரும் சேந்து தோக்கணுமா? நாளைக்கு வேற எந்தப் பொண்ணாவது வந்து குதிரை கேட்டா, என் அஞ்சாவது சுத்தையா காட்டுவீங்க? லேடிஸ் கப் ஓட்டுன அந்த மூணு சின்னப் பொண்ணுங்க வேலி ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க முகத்த பாக்க முடியல என்னால.

ஆச்சி காரில் இருந்தார். ஜன்னல் மூடியிருந்தது. நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. என்ன சொல்வது? நம்பிக் கொடுத்தீர்கள், எண்ணத் தவறிவிட்டேன் என்றா?

ஆகஸ்ட் 27, புதன்

மூன்று நாளாக லாயத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். வேலாயுதம் அண்ணன் போன் செய்தார். மீனாள் நலம். குகனைத் திரும்ப மீனாள்மேல் ஏற்றப் பார்க்கிறார் செட்டியார் என்று லாயத்தில் பேச்சாம். ஆச்சியிடம் பேசுவாராம். ஜெயித்தவனாயிற்றே.

நியாயமாகப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்வேனோ? இல்லை. மே பத்தாம் தேதி, ஸீரோவுக்குப் பிறகும் குகன் ஏறியபோது, யாரும் நியாயம் பார்க்கவில்லை.

ஜீவன் தோசை வாங்கி வந்தான். அவன் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

சாமான்களை எடுத்துவரப் போகிறேன் என்று ஜீவனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பெரிய பைகூட எடுத்துக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் ரவாங், அங்கிருந்து மோட்டார் சைக்கிள். வழியெல்லாம் யாரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

லாயத்தில் ஆச்சி. காருக்கு வெளியே, வேலியைப் பிடித்தபடி, குடை விரித்துக்கொண்டு நின்றார். செட்டியார் கொஞ்சம் தள்ளி போனைப் பார்ப்பது போல் நின்றார். பக்கத்தில் குகன். என்னைப் பார்த்ததும் அவன் கையில் இருந்த தே தாரேயை உயர்த்திக் காட்டினான்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆச்சி அதைக் காதில் வாங்காமல் கேரட் டப்பாவை நீட்டினார்.

“அடுத்தது எப்ப?”

நவம்பரில் என்றேன்.

“நானும் கார்ல இருந்து எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். அஞ்சு” என்றார். பிறகு, “இன்னும் சேணம் போடலையா? வெயில் ஏறுது பாரு.”

பையை வேலியில் மாட்டிவிட்டு மீனாளுக்குச் சேணம் போட்டேன். வழக்கம்போல் காதைப் பின்னுக்குப் போட்டாள், வாலை வீசினாள், மூலைக்கு மூலை மிரண்டாள். சூடேறி அடங்கியதும் பழக்கத்தில் இறங்கப் போனேன். ஒரு காலைச் சேணத்தின் வளையத்திலிருந்து எடுத்தும்விட்டேன். யாரும் வந்து கடிவாளத்தை வாங்கவில்லை. குகன் டத்தோவின் குதிரையை ஓட்டக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

காலைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.